ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் இடுப்பு வலி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கும் 28 வயது இளைஞர், இரண்டரை ஆண்டுகளாக விடாமல் தொடரும் இடுப்பு வலியைப் பற்றி எழுதியிருக்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார், கீழ் முதுகின் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் பெல்ட் போட்டுக்கொண்டு படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். இன்னொருவர் பத்து நாள், எடை கட்டி இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷன் வைத்துவிட்டு நரம்புக்கு மாத்திரை எழுதினார். மூன்றாமவர் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துக்கொள்ளச் சொன்னார். "ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, வேண்டாமா?" என்பதுதான் அவர் எழுத்தில் வைத்த கேள்வி. ஆனால் இரண்டு முறை படித்த பிறகு, அவர் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் பட்டது. மூன்று பேரைப் பார்த்த பிறகும் எனக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று யாரும் விளங்கச் சொல்லவில்லையே, அதை யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்பதே அந்தக் கேள்வி. இதற்கு விடை கிடைக்காமல் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச முடியாது என்பதால் இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மருத்துவமனைப் பலகைகளில் பிசிக்கல் மெடிசின் என்று எழுதியிருக்குமே, அந்த உடலியக்க மருத்துவத் துறையில் 23 ஆண்டுகளாக இருக்கிறேன். நான் முதுகுத்தண்டு அறுவை செய்பவன் அல்லன். மூட்டுவாத நிபுணனும் அல்லன். இரு துறையினரோடும் தினமும் நோயாளிகளைப் பகிர்ந்துகொள்பவன். உங்களை நான் தொட்டுப் பார்த்ததில்லை. குனியச் சொல்லிப் பார்ப்பது, படுக்க வைத்துக் காலை நீட்டித் தூக்கிப் பார்ப்பது, குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கவிட்டுப் பார்ப்பது ஆகியவை இடுப்பு வலியில் நோயறிதலின் பாதி வேலை. அந்தப் பாதி இல்லாமல் எழுதப்படும் பதில் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐயத்துக்கே இடமில்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது அல்லது தன்னையறியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி முழுவதும் மரத்துப்போவது, கால் அல்லது பாதம் நாளுக்கு நாள் வலுவிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் இணையத்தில் கேள்வி எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே, அது நள்ளிரவானாலும், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருப்பது, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி ஆகியவை அந்த அளவு அவசரம் இல்லை என்றாலும் தள்ளிப்போடத் தக்கவையும் அல்ல. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1779-இல் விவரித்த அதே நோயை இன்றும் ஆண்டுக்குச் சிலரிடம் நான் பார்க்கிறேன். இருமலே இல்லாமல் முதுகு வலியோடு மட்டும் அது வரும். உங்கள் கடிதத்தில் இந்த அடையாளங்கள் எதுவும் இல்லை. எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை, கால் வலுவோடு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து அந்த எம்.ஆர்.ஐ. அறிக்கை. அதற்குக் கொடுத்த பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். படத்தில் அடங்கிய பகுதியில் காசநோயோ கட்டியோ எலும்பு முறிவோ இல்லை என்று அது பெருமளவுக்கு உறுதி செய்திருக்கிறது. ஆனால் ஜவ்வுப் பிதுக்கம் என்ற சொல்லைக் கண்டதும் நோய் கிடைத்துவிட்டது என்று மூவரும் நின்றுவிட்டதுதான் சிக்கல். 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு ஏதாவது ஓர் இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருந்தது. பின்னர் 2015-இல், வலியில்லாத 3,110 பேரின் படங்களை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிக் கணக்கிட்டபோது, 20 வயதினரில் நூற்றுக்கு 30 பேருக்கும், 30 வயதினரில் 40 பேருக்கும், 80 வயதினரில் 84 பேருக்கும் இந்தப் பிதுக்கம் இருப்பதாகத் தெரிந்தது. உங்களோடு அதே வரிசையில் உட்கார்ந்து தைக்கும் பத்துப் பேரை, வலி என்று ஒரு நாளும் சொல்லாதவர்களை, அழைத்துப்போய்ப் படம் எடுத்தால் மூன்று நான்கு பேரின் அறிக்கையில் உங்கள் அறிக்கையில் உள்ள அதே வாக்கியம் இருக்கக்கூடும். பெரும்பாலும் அது நரைமுடி போன்ற ஒரு வயது அடையாளம். அதனால் அது ஒருபோதும் வலி தராது என்று ஆகிவிடாது. சிலருக்குத் தரவும் செய்கிறது. படத்தில் இருப்பதும் உடம்பில் இருப்பதும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே மருத்துவரின் வேலை.

ஜவ்வு உண்மையிலேயே நரம்பை அழுத்தினால் அதன் கதை வேறு மாதிரி இருக்கும். வலி இடுப்பை விடக் காலில் அதிகமாக, முழங்காலுக்குக் கீழே, பல சமயம் பெருவிரல் அல்லது சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வது போல இறங்கும். இருமினால், தும்மினால் சுரீரென்று இழுக்கும். மல்லாந்து படுத்து நீட்டிய காலைத் தூக்கினால் பாதி உயரத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஜவ்வு கிழிந்து நரம்பை அழுத்துவதே காலில் இறங்கும் இவ்வலிக்குக் காரணம் என்பதை மிக்ஸ்டர், பார் என்ற இருவர் 1934-இல் எழுதி நிலைநாட்டினார்கள். அதிலிருந்துதான் ஜவ்வு அறுவை உலகெங்கும் பரவியது. தேர்ந்தெடுத்த நோயாளிக்கு அது நல்ல சிகிச்சை. ஆனால் அது தீர்ப்பது பெரும்பாலும் கால் வலியை. இடுப்பு வலி மட்டும் உள்ளவருக்குப் பலன் உறுதியற்றது. கால் வலியிலும் கூட அவசரம் தேவைப்படுவது சிலருக்குத்தான். நெதர்லாந்தில் 283 பேரை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், கடும் கால் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரம் நீடித்தவர்களில் ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை செய்தார்கள். மறு பிரிவினரைக் காத்திருக்கச் சொல்லி, தாங்க முடியாதவர்களுக்கு மட்டும் பிறகு செய்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். பிதுங்கி வெளியே வந்த ஜவ்வைப் பல சமயம் உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது.

உங்களுக்கோ வலி முழங்காலைத் தாண்டியதே இல்லை என்கிறீர்கள். அப்படியானால், நரம்பு அழுத்தமும் தசை வலுக்குறைவும் இல்லாத நிலையில் அந்தப் பிதுக்கத்தை அறுத்து எடுப்பதால் உங்கள் வலி போகும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. இதை நான் முடிந்த தீர்ப்பாகச் சொல்லவில்லை. அறுவை செய்யச் சொன்ன மருத்துவர் உங்களைத் தொட்டுப் பார்த்தவர், நான் பாராதவன். அவரிடமே போய், "எந்த நரம்பு அழுந்தியிருக்கிறது, பரிசோதனையில் அதற்கு என்ன அடையாளம் கண்டீர்கள், அறுவைக்குப் பிறகு எந்த வலி போகும், எந்த வலி நிற்கும்?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல அறுவை மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய நான்கு வரிகளுக்கு வருகிறேன். எனக்கு அவைதான் அறிக்கையைவிட முக்கியமாகத் தெரிகின்றன. அதிகாலை நான்கு மணிவாக்கில் வலி எழுப்பிவிடுகிறது, எழுந்து திண்ணையில் நடந்தால்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெந்நீரில் குளித்து, எட்டரைக்கு வேலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் உடம்பு இளகிவிடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் அன்று மாலை வலி கூடிவிடுகிறது என்கிறீர்கள். சில நாள் வலது பிட்டத்தில், சில நாள் இடது பிட்டத்தில் என்று வலி இடம் மாறுகிறது. தங்கையின் திருமணத்தின்போது மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையை வேளைக்கு ஒன்றாகப் போட்டதில் மூன்று நாள் வலி இருந்ததே தெரியவில்லை. போன பங்குனியில் ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் மூன்று வாரம் அவதிப்பட்டதையும், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நீங்களே முடிவு செய்து, அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள்.

சாதாரணத் தசைப்பிடிப்போ ஜவ்வு வலியோ பொதுவாக உழைத்தால் கூடும், படுத்தால் குறையும். ஓய்வில் கூடி, அசைவில் குறையும் வலி அழற்சி வலியாக இருக்கக்கூடும். 45 வயதுக்கு முன்பு, பெரும்பாலும் இருபதுகளில், எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியாதபடி மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது, இரவின் பின்பாதியில் எழுப்புவது, காலையில் அரை மணி நேரத்துக்கும் மேல் இடுப்பு விறைத்திருப்பது, பிட்டங்களில் மாறி மாறி வலிப்பது, அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரைக்கு ஓரிரு நாளில் நன்றாகக் கேட்பது ஆகியவை சேர்ந்து வந்தால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நோயையும், எக்ஸ்ரேயில் இன்னும் தெரியாத அதன் தொடக்க நிலையையும் நினைத்தே ஆக வேண்டும். இது தேய்மானத்தால் வருவதன்று. உடலின் எதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்குவதால், இடுப்பெலும்பும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியும் சேரும் சாக்ரோ இலியாக் மூட்டுகளில் முதலில் அழற்சி தொடங்குகிறது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஆண்டுகள் போகப்போக முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, மூங்கில் கழி போல இறுகிவிடும். பெயரில் ஸ்பாண்டிலைட்டிஸ் இருப்பதால், கழுத்து வலிக்கெல்லாம் நம் ஊரில் சொல்கிற ஸ்பாண்டிலைட்டிஸ் என்று எண்ணிவிடாதீர்கள். அது தேய்மானம், இது வேறு. இந்தப் பெயர்க் குழப்பமே பலருடைய ஆண்டுகளைத் தின்றிருக்கிறது. பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், முதல் வலிக்கும் சரியான நோயறிதலுக்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்த வரிசையில் நீங்கள் இரண்டரை ஆண்டில் நிற்கிறீர்கள்.

இதை எழுதும்போது என் பிழை ஒன்று நினைவுக்கு வருகிறது. பணியில் சேர்ந்த புதிதில் 26 வயது பேருந்து நடத்துநர் ஒருவர் என்னிடம் வந்தார். நாள் முழுக்க நின்றுகொண்டு குலுங்கும் வண்டியில் வேலை. இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று நானே காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். டிராக்‌ஷன், வெப்ப ஒத்தடம், மாத்திரை, பயிற்சி என்று இரண்டு ஆண்டு போயிற்று. வந்தபோதெல்லாம், "வண்டி ஓடும்போது தேவலை சார், வீட்டில் இருந்தால்தான் மோசம்" என்பார். வீட்டுப் பிரச்சினையாக இருக்கும் என்று சிரித்துவிட்டு அடுத்தவரை அழைத்தேன். பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம் மருத்துவர் ஒருநாள் அவரிடம், காலையில் எழுந்து ஷூ லேஸ் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். "ஒரு மணி நேரமாவது போகணும்மா" என்றார். முதல் நாளில் எடுத்த எக்ஸ்ரே கோப்பிலேயே இருந்தது. அதன் கீழ் ஓரத்தில் இரு பக்கமும் அந்த இடுப்பு மூட்டுகள் அரிக்கப்பட்டுத் தெளிவாகத் தெரிந்தன. நான் நடுவில் இருந்த முதுகெலும்புகளை மட்டுமே பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்கும் பழக்கம் வந்தது.

ஆகவே உங்களிடம் எனக்கு இருப்பது ஐயம், முடிவு இல்லை. உங்கள் அறிகுறிகளோடு வருகிற எல்லோருக்கும் இந்நோய் இருப்பதில்லை. அதை உறுதிப்படுத்தவோ விலக்கவோ செய்யும் வழிகள் இருக்கின்றன, அவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் குறையுடையவை. முதலில் இடுப்பெலும்பு முழுவதும் தெரியும்படி ஓர் எக்ஸ்ரே, செலவு குறைவு. ஆனால் எலும்பில் மாற்றம் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், தெளிவாக இருந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இரண்டும் உயர்ந்திருந்தால் ஐயம் வலுக்கும். ஆனால் இந்நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு அவை இயல்பாகவே இருக்கும். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக்கூற்றுச் சோதனையைப் பலரும் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 1973-இல் அதற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு கண்டறியப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கூறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் இந்நோய் வருவதில்லை. அது இல்லாமலும் நோய் வருவதுண்டு. அது பாஸிட்டிவ் என்று வந்தால் அஞ்ச வேண்டாம், நெகட்டிவ் என்று வந்தால் கைகழுவிவிடவும் வேண்டாம்.

தொடக்க நிலையைப் பிடிக்க வல்லது அந்தச் சாக்ரோ இலியாக் மூட்டுகளின் எம்.ஆர்.ஐ. நீங்கள் எடுத்தது கீழ் முதுகின் எம்.ஆர்.ஐ.; அதில் இந்த மூட்டுகள் உரிய கோணத்தில் வருவதில்லை. எனவே சீட்டில் சாக்ரோ இலியாக் மூட்டு என்றும், எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைக் காட்டும் ஸ்டிர் வகைப் படமும் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்து ஏற்றி எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது: ஓட்டம், பளு தூக்குதல் போன்ற கடும் பயிற்சி செய்பவர்களிடமும், பிள்ளை பெற்ற பெண்களிடமும் இதே இடத்தில் நீர்க்கோப்பு தெரிவதுண்டு. ஒரு படத்தை நம்பி அறுவைக்குப் போவது எவ்வளவு தவறோ, ஒரு படத்தை நம்பி வாழ்நாள் மருந்து தொடங்குவதும் அவ்வளவு தவறு. இந்தச் சோதனைகளை நீங்களே ஆய்வகத்தில் போய் எடுத்துக்கொள்ளாமல், பார்க்கிற மருத்துவர் கேட்டால் எடுப்பது நல்லது என்று நான் சொல்வது பணத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல.

யாரிடம் போவது? இந்த ஐயத்துக்கு உரியவர் ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத நிபுணர். எலும்பு மருத்துவரும் நரம்பு மருத்துவரும் அறிமுகமான அளவுக்கு இவர்கள் நம் மக்களுக்கு அறிமுகமில்லை, எண்ணிக்கையும் குறைவு. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மூட்டுவாதவியல் நிலையம் பல காலமாக இயங்கி வருகிறது. உங்களுக்குப் பக்கத்தில் கோவையில் தனியாரிலும் இத்துறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். நிறுவனம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறது என்றால் அந்த அட்டையோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பரிந்துரை கேளுங்கள். நடைமுறை இழுக்கும், ஆனாலும் நீண்டகாலச் சிகிச்சை என்று வந்தால் அந்த வழி கைகொடுக்கும். நிபுணரிடம் போக நாளாகும் என்றால் ஒரு பொதுநல எம்.டி. மருத்துவரிடமே தொடங்கலாம்.

போகும்போது கோப்பின் மேலே எம்.ஆர்.ஐ. அறிக்கையை வைத்து நீட்டாதீர்கள். நம் புற நோயாளிப் பிரிவுகளில் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடம். அறிக்கையை நீட்டினால் அந்த நேரம் அறிக்கையைப் படிப்பதிலேயே போய்விடும். அதற்குப் பதில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி எந்த வயதில் தொடங்கியது, இரவில் எத்தனை மணிக்கு எழுப்புகிறது, காலை விறைப்பு எத்தனை நிமிடம், ஓய்வில் கூடுகிறதா வேலையில் கூடுகிறதா, எந்த மாத்திரைக்குக் கேட்டது, எதற்குக் கேட்கவில்லை. குதிகால் பின்புறம் வலி வந்ததுண்டா, தோலில் செதில் செதிலாகப் படை உண்டா, நாள்பட்ட வயிற்றுப்போக்கு உண்டா என்பதையும் சேருங்கள். இந்நோயின் உறவினர்கள் இவை. குடும்பத்தில் யாராவது, கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்ப்பவர் இருந்தாரா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். "அந்தக் காலத்தில் வாதம் என்பார்கள்" என்ற பதிலில் பல முறை எனக்குத் துப்புக் கிடைத்திருக்கிறது. நல்ல மருத்துவர் உங்கள் இடுப்பில் பேனாவால் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, குனியச் சொல்லி மீண்டும் அளப்பார். வளையும் முதுகில் அந்த இடைவெளி 15 அளவுக்கு நீளும். இறுகிய முதுகில் நீளாது. டேப் ஒன்று போதும். எந்த இயந்திரமும் வேண்டாம்.

நோய் இதுதான் என்று உறுதியானால், வருத்தப்படுவதோடு கொஞ்சம் நிம்மதியும் அடையலாம். முழுமையாக ஒழித்துவிடும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் கட்டுக்குள் வைக்கும் வழி நன்றாகவே இருக்கிறது. அன்றாட உடற்பயிற்சியும், அழற்சி எதிர்ப்பு மாத்திரையை மருத்துவர் சொன்ன முழு அளவில் எடுத்துக்கொள்வதும் முதல் படி. வலி வந்தால் ஒன்று, வராவிட்டால் இல்லை என்று நீங்கள் இப்போது சாப்பிடுவது போலன்றி, சில வாரங்கள் ஒழுங்காகக் கொடுத்துப் பார்ப்பார்கள். வயிற்றுப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் கண்காணிப்பதால்தான் அது மருத்துவர் கையில் இருக்க வேண்டும். இது போதாதவர்களுக்கு, எதிர்ப்பு ஆற்றலின் அந்தத் தாக்குதலை அடக்கும் உயிரியல் ஊசிகள் இருக்கின்றன; சில ஆண்டுகளாக மாத்திரை வடிவ மருந்துகளும் வந்திருக்கின்றன. இந்தியாவிலேயே தயாராகும் மாற்று ஊசிகளால் விலை முன்பைவிட இறங்கியிருக்கிறது, ஆயினும் தையல் கூலியில் அது சிறிய தொகை அல்ல. தொடங்கும் முன் உடலில் மறைந்திருக்கும் காசநோயைச் சோதித்தே ஆக வேண்டும். நம் நாட்டில் இதைத் தவிர்ப்பது ஆபத்து. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் முதுகுத்தண்டு அழற்சிக்குப் பயன் தருவதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுவதும் இந்நோய்க்கு முறையான சிகிச்சை அன்று. பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்துங்கள். முதுகு இறுகுவதை அது விரைவுபடுத்துகிறது.

நோய் இது இல்லை என்று தெரிந்தால்? அதற்கும் வாய்ப்பு இருக்கிறது. இடுப்பு வலியோடு வருகிறவர்களில் நூற்றுக்கு 85, 90 பேருக்கு இன்ன தசை, இன்ன மூட்டு என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. காரணம் தெரியவில்லை என்றால் வலி பொய் என்று ஆகாது. ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய நாள்பட்ட வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய தெளிவு, சில கைமுறைச் சிகிச்சைகள், மனநலம் சார்ந்த உதவி, தேவைக்கு அழற்சி எதிர்ப்பு மாத்திரை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், அபின் வகை வலிநிவாரணிகள் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவற்றில் இரண்டு இந்தப் பட்டியலில் இருக்கின்றன. என் துறையினரே டிராக்‌ஷன் கட்டிலை இன்னும் வைத்திருக்கிறோம். நோயாளி எதிர்பார்க்கிறார் என்பதும் அதற்குக் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். படுக்கை ஓய்வைப் பொறுத்தவரை, ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்களிடம் செய்து 1995-இல் வெளியான ஆய்விலேயே, படுத்தவர்களைவிட முடிந்த அளவு வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்கள் விரைவில் தேறியது தெரிந்துவிட்டது. நரம்புக்கு என்று தருகிற பிரிகாபலின், காலில் இறங்கும் நரம்பு வலிக்கே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும் மருந்தில்லாத மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. கால் வலியே இல்லாத உங்களுக்கு அது தலைசுற்றலையும் தூக்கக் கலக்கத்தையும் மட்டுமே தரக்கூடும். ஆனால் பல வாரங்களாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தாமல், எழுதியவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

இந்த இரு வழிகளில் எது உங்களுடையது என்று தெரிய சில வாரங்கள் ஆகலாம். அதுவரை என்ன செய்வது என்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனெனில் இரண்டுக்கும் பொருந்துவது நடை. 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், வலி ஒரு முறை தணிந்த 701 பேரில் படிப்படியாக நடைப்பயிற்சிக்குப் பழக்கப்பட்டவர்களுக்கு வலி திரும்ப, நடு மதிப்பாகப் பார்த்தால், 208 நாள் ஆயிற்று. மற்றவர்களுக்கு 112 நாள். வேலை முடிந்து பேருந்து நிறுத்தம் ஒன்றை விட்டு அடுத்ததில் ஏறுவதில் தொடங்கலாம். மெஷினில் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கையை மேலே நீட்டி, மார்பை விரித்து மூச்சிழுத்து உட்காருங்கள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்த ஒரு நிமிடமும் காசு என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து மெல்லப் பிடித்துவிடுவதில் தவறில்லை, சுகம் தரும். முதுகை மிதிப்பது, சடக்கென்று முறித்துவிடுவது, கழுத்தைத் திருகுவது ஆகியவற்றுக்கு மட்டும், நோய் எதுவென்று தெரியும் வரை, உடம்பைக் கொடுக்காதீர்கள். இறுகத் தொடங்கிய முதுகெலும்பு அந்த விசையில் முறிந்துவிடக்கூடும். பேர் தெரியாத மூட்டு வலிப் பொடியைச் சாப்பிட்டு மறுநாளே வலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்ற கேள்வி முதலில் எழ வேண்டும்.

கடைசியாக அந்தக் கண். இந்நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 25, 30 பேருக்கு எப்போதாவது கண்ணின் உட்பகுதியில் அழற்சி வருகிறது. பீளை அதிகமில்லாமல் ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சத்துக்குக் கூசிப் பார்வை மங்கும். மெட்ராஸ் ஐ என்று நினைத்து மருந்துக்கடைச் சொட்டு மருந்தோடு விட்டால் பார்வைக்கே கேடு. மறுபடி வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், இடுப்பு வலியையும் அவரிடம் சொல்லுங்கள். போன பங்குனியில் உங்களைப் பார்த்த கண் மருத்துவர் எழுதிய சீட்டு வீட்டில் எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள். அதில் இந்தக் கண் அழற்சியைக் குறிக்கும் யுவைட்டிஸ் என்றோ ஐரைட்டிஸ் என்றோ எழுதியிருந்தால், மூட்டுவாத நிபுணரின் மேசையில் எம்.ஆர்.ஐ. படத்துக்கு முன்பாக அந்தச் சீட்டை வையுங்கள்.